வற்றாப்பளையில் உப்புத் தண்ணீரில் விளக்கு எரிவது உண்மையா?

ஏப்ரல் 30. வாசகர் ஒருவர் கேட்டது

"இந்த வைகாசிப் பொங்கலுக்கு முதல்முறையாகக் குடும்பத்தோடு முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவிலுக்கு வரப் போகிறோம். கடல் தண்ணீரில் விளக்கு எரிப்பதாகச் சொல்கிறார்கள். கண்ணால் பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், உண்மையில் எரிகிறதா, எண்ணெய் கலக்கிறார்களா? கிழவி வந்து பேன் பார்க்கச் சொன்ன கதை எல்லாம் வேண்டாம், அது தெரியும்."

ஏப்ரல் 30, இரவு

நான் பார்த்திருக்கிறேன். சொந்த ஊர் தண்ணீரூற்று. அங்கேதான் பிறந்து வளர்ந்தேன், இப்போது வேலைக்காக வவுனியாவில் இருக்கிறேன்.

முதலில் ஒன்றைத் திருத்த வேண்டும். நீங்கள் நேரே வற்றாப்பளைக்குப் போய், பொங்கல் அன்று விளக்கு எங்கே என்று தேடினால் பாதிக் கதையைத் தவறவிடுவீர்கள். அந்த விளக்கு ஏற்றப்படுவது முள்ளியவளை காட்டா விநாயகர் கோவிலில். பொங்கலுக்கு ஒரு கிழமை முந்திய திங்கட்கிழமை சிலாவத்தை தீர்த்தக்கரையில் கடல் தண்ணீர் எடுத்து, நடந்தே முள்ளியவளைக்குக் கொண்டுவருவார்கள். அந்தத் தண்ணீரில்தான் ஏழு நாளும் விளக்கு எரியும். ஞாயிறு காட்டா விநாயகருக்குப் பொங்கல். திங்கள் மடைப்பண்டங்களும் (படையல் பொருட்களும்) விளக்கும் வற்றாப்பளைக்குப் போகும், அன்று இரவுதான் அம்மனுக்குப் பொங்கல்.

எண்ணெய் பற்றிய கேள்விக்கு நாளை வருகிறேன். ஒரு வரியில் முடிகிற பதில் என்னிடம் இல்லை.

மே 1

உப்புத் தண்ணீர் தானாக எரியாது. அதைப் பள்ளிக்கூடத்தில் எனக்கும் படிப்பித்தார்கள், நானும் இப்போது பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். நான் கண்டதைச் சொல்கிறேன். பாத்திரம், அதில் தண்ணீர், வெள்ளைத் துணித் திரி, சுடர். பக்கத்தில் நிற்கிற ஐயாமார் அது தீர்த்தக்கரையில் எடுத்த தண்ணீர் என்றார்கள். விரலை விட்டு நக்கிப் பார்க்க எனக்குத் தோன்றியதே இல்லை. பத்து வயதில் அம்மம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றபோதும் தோன்றவில்லை, போன வருடம் என் மகளைத் தூக்கிக் காட்டியபோதும் தோன்றவில்லை.

கதை தெரியும் என்கிறீர்கள். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மதுரையை எரித்த கண்ணகி கோபம் ஆறாமல் இலங்கைக்கு வந்து ஊர் ஊராகத் தங்கினாள். பத்தாவதாக வந்த இடம் நந்திக்கடல் என்ற கடல்நீரேரியின் கரை. அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்த பொடியள் ஒரு கிழவியைக் கண்டார்கள். பசிக்கிறது என்றாள், பொங்கிக் கொடுத்தார்கள். பொழுதுபட்டது, விளக்கு வை என்றாள். எண்ணெய் இல்லையே ஆச்சி என்றார்கள். கடல் தண்ணீரை அள்ளி ஊற்றி ஏற்று என்றாள், எரிந்தது. பிறகு தலை கடிக்கிறது, பேன் பார் என்றாள். மயிரை விலக்கினால் தலை முழுக்கக் கண். ஆயிரம் கண். பொடியள் திகைத்து நிற்க, ஆளைக் காணவில்லை.

பத்தாவதாகத் தங்கிய இடம் பத்தாம்பளை, அதுதான் வற்றாப்பளை ஆகியது என்பது ஊர் வழக்கு. தெல்லிப்பளை, புலோப்பளை, பளை என்று இன்னும் எத்தனையோ பளைகள் இருப்பதால், 'வற்றாத' என்ற சொல்தான் முன்னால் சேர்ந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மே 2, காலை

மேலே எழுதியதைச் சித்திக்கு ஃபோனில் வாசித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் பிடித்துக்கொண்டார்.

ஒன்று, "வற்றாத என்றால் எது வற்றாதது? நந்திக்கடலா? கோடைக்கு வந்து பார், கரையில் சேறு வெடித்துக் கிடக்கும்." அது சரிதான். நானே சின்ன வயதில் அந்தச் சேற்றில் நடந்து செருப்பைத் தொலைத்திருக்கிறேன். பத்தாம்பளையை அவ்வளவு லேசாகத் தள்ளியிருக்கக் கூடாது.

இரண்டு, விளக்கை ஏற்றச் சொல்ல முன்னமே கிழவி சாப்பிட்டுவிட்டாளா, பிறகுதான் சாப்பிட்டாளா? சித்தி சொல்கிற கதையில் விளக்கு வைத்த பிறகுதான் சோறு. "விளக்கு வைக்காமல் ஆர் சாப்பாடு போடுறது?" என்று கேட்கிறார். அம்மம்மா எனக்குச் சொன்னதில் பசிதான் முதலில் வரும். பசித்து வந்த ஆளை விளக்கு வைக்கும்வரை காக்கவைக்க அம்மம்மாவுக்கு மனம் வந்திராது. நான் அம்மம்மாவின் பக்கம்.

முந்திய 9 ஊர்கள் எவை என்று ஒருவர் கேட்டிருந்தார். ஊருக்கு ஒரு கணக்கு இருக்கிறது. மட்டுவிலை எல்லாருமே சேர்ப்பார்கள். மற்றதெல்லாம் அவரவர் கோவில்.

மே 6, திங்கள்

இன்று பாக்குத்தெண்டல். பொங்கல் வருகிறது என்று வீடு வீடாகச் சொல்லிப் பாக்குக் கேட்கிற நாள். அழைப்பிதழ், போஸ்டர் எல்லாவற்றுக்கும் முந்திய அறிவிப்பு இது. இன்று தொடங்கி எங்கள் பக்கம் மச்சம் (மீன், இறைச்சி) இல்லை. வவுனியாவில் என் வீட்டிலும் இல்லை. நந்திக்கடல் இறால் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இது சின்னக் காரியம் கிடையாது.

மே 14

நேற்றுத் தீர்த்தம் எடுத்தார்கள். பள்ளிக்கூடம் முடிந்ததும் பஸ் பிடித்துப் போனேன். மாங்குளத்தில் இறங்கி மாறுவதற்குள் பொழுது போய்விடுமோ என்று பதைப்பு.

தீர்த்தக்கரைக்கு நான் போய்ச் சேரவில்லை. முள்ளியவளை வீதியில் நின்று பார்த்தேன். இந்தத் தடவை அதுவே போதும் என்று பட்டது. படலைக்குப் படலை நிறைகுடம் வைத்திருந்தார்கள். ஒரு வீட்டில் குடத்துக்குக் கீழே விரிக்க வாழையிலை கிடைக்கவில்லைப் போல, தேக்கிலை விரித்திருந்தது. வீதிக்குத் தண்ணீர் தெளித்து, மண் வாசம் எழும்பி, சனம் எல்லாம் கதையை நிறுத்திவிட்டு ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு நின்றது. முதலில் பறை கேட்டது. பிறகு தூரத்தில் வெளிச்சம். தீர்த்தக் குடத்தோடு வந்தவரின் வாயை வெள்ளைத் துணியால் கட்டியிருந்தது. வேட்டியின் கீழ்ப்பாதி கடல் தண்ணீரில் நனைந்து, காய்ந்து, மடிப்புகளில் உப்புப் பூத்து வெள்ளைக் கோடுகளாக நின்றது. இவ்வளவு வருடமும் குடத்தையே பார்த்திருக்கிறேன். வேட்டியை நேற்றுத்தான் பார்த்தேன்.

எண்ணெய் கலக்கிறார்களா என்று கேட்டவருக்கு: அந்த உப்பு கடலில் இறங்கிய உப்பு. இவ்வளவுதான் என்னால் சாட்சி சொல்ல முடியும்.

மே 15

"கண்ணகி சேர நாட்டில் அல்லவா வானுலகம் போனாள், வன்னிக்கு எப்படி வந்தாள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நல்ல கேள்வி. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

சிலப்பதிகாரத்தின்படி மதுரையை விட்டுப் போன கண்ணகி, பதினான்கு நாள் கழித்து மலையில் ஒரு வேங்கை மரத்தின் கீழ் நிற்கும்போது கோவலன் வானவூர்தியில் வந்து கூட்டிப் போகிறான். அதைக் கண்டவர்கள் குறவர். சேரன் செங்குட்டுவன் இமயத்தில் கல் எடுத்துக் கோவில் கட்டுகிறான். அந்த விழாவுக்கு வந்தவர்களில் ஒருவன் "கடல்சூழ் இலங்கைக் கயவாகு வேந்தன்". அவன் இங்கே திரும்பி வந்து கண்ணகிக்குக் கோட்டம் எடுத்து, ஆடி மாதத்தில் விழா நடத்தினான், மழை பொய்க்காமல் பெய்தது என்று அந்த நூலின் உரைபெறு கட்டுரையே சொல்கிறது. இந்தக் கயவாகுவைத்தான் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்தில் ஆண்ட முதலாம் கஜபாகு என்கிறார்கள். சிங்கள மக்கள் பத்தினி தெய்யோ என்று கும்பிடுவதும் இவளைத்தான்.

இதில் எனக்கு எப்போதும் உறுத்துகிற ஒன்று உண்டு. கஜபாகு எடுத்தது ஆடி விழா. எங்களுடையது வைகாசி. அரசன் தொடங்கியதைத்தான் நாங்கள் தொடர்கிறோம் என்றால் மாதம் ஏன் மாறியது? என் எண்ணம் இது: வன்னிக் கதையில் அரசனே கிடையாது. செங்குட்டுவனும் இல்லை, கஜபாகுவும் இல்லை. நேரே மாட்டுப்பட்டிக்கு வந்துவிட்டாள். அது வேறு ஒரு வழியாக வந்த கதை.

மே 15, பின்னேரம்

இன்னொன்று விட்டுப்போனது. யாழ்ப்பாணத்தில் கண்ணகிக்கு இருந்த கோவில்கள் பலவற்றில் இப்போது இராஜராஜேஸ்வரி, புவனேஸ்வரி என்றுதான் பெயர். ஆறுமுக நாவலர் காலத்தில் கண்ணகி சமண சமயச் செட்டிச்சி, அவளைக் கும்பிடக் கூடாது என்ற கண்டனம் எழுந்தது. பெயர்கள் மாறின. வற்றாப்பளையில் மாறவில்லை. இன்றைக்கும் கண்ணகி அம்மன்தான். சைவத்தில் நாவலர் செய்தது பெரிய வேலை என்று நினைக்கிறவள் நான். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் எங்கள் சனம் பெயரை விட்டுக்கொடுக்காமல் இருந்தது எனக்குப் பெருமை.

மே 16, விடிய 4.30

நித்திரை இல்லை. நேற்று எழுதியதையே யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன். இதை எழுதாமல் விடிய விடக் கூடாது.

மதுரைக்கு வந்த கோவலனும் கண்ணகியும் எங்கே தங்கினார்கள்? இடைச்சி மாதரி வீட்டில். கவுந்தியடிகள் அவளிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். மாதரி சாலி அரிசி, மாங்கனி, வாழைப்பழம், பால் என்று சமைக்க எல்லாம் கொடுக்கிறாள். அவள் மகள் ஐயை கூட நின்று உதவுகிறாள். கண்ணகி தானே சமைக்கிறாள். செல்வர் வீட்டுப் பிள்ளை, காய் அரிந்து விரல் சிவக்கிறது, அடுப்புச் சூட்டில் முகம் வேர்க்கிறது. கோவலன் வாழைக் குருத்திலையில் சாப்பிட்டுவிட்டுச் சிலம்பை எடுத்துக்கொண்டு போகிறான். போனவன் திரும்பவில்லை. அடைக்கலப் பொருளைக் காக்க முடியவில்லையே என்று மாதரி பிறகு தீயில் விழுந்து சாகிறாள்.

கண்ணகி கடைசியாக மனைவியாக இருந்து சமைத்த வீடு ஒரு இடையர் வீடு. வன்னிக்கு வந்து பசிக்கிறது என்று கேட்டதும் இடைப் பொடியளிடம். அங்கே அவள் சமைத்து இன்னொருவர் சாப்பிட்டார். இங்கே அவர்கள் சமைத்து அவள் சாப்பிட்டாள். நாற்பது வருடமாக இந்தக் கதையைக் கேட்கிறேன், மாதரி ஒரு நாளும் நினைவுக்கு வந்ததில்லை. கதையை முதலில் சொன்ன யாரோ ஒரு ஆச்சிக்கு அந்த வீடு நினைவில் இருந்திருக்கும் என்று இப்போது நம்புகிறேன்.

முள்ளியவளைக் கோவலன் கூத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், விடிய விடிய ஆடுவார்கள். கோவலன் வெட்டுப்படுகிற இடம் வரப்போகுது என்றதும் அம்மம்மா பாயைச் சுருட்டிக்கொண்டு எழும்பிவிடுவார். "எனக்குத் தெரியும் என்ன நடக்கும் என்று, பார்க்க ஏலாது" என்பார். அவர் இருந்து பார்க்கிற இடம் மாதரி வீட்டுச் சாப்பாடு வரைக்கும்தான்.

மே 18

இன்று முள்ளிவாய்க்கால் நினைவு நாள். உப்புக் கஞ்சி காய்ச்சினோம். அரிசி, தண்ணீர், உப்பு. நந்திக்கடலின் ஒரு கரையில் வற்றாப்பளை, இன்னொரு பக்கம் முள்ளிவாய்க்கால். முள்ளியவளையில் விளக்கு இன்றும் எரிந்துகொண்டிருக்கிறது.

வேறு எதுவும் இன்று எழுதவில்லை.

மே 19

பனிச்சை மரத்துக் கதையை ஏன் யாரும் சொல்லவில்லை என்று கேட்டிருக்கிறார்கள். சொல்கிறேன்.

வெள்ளைக்கார அதிகாரி ஒருவன் குதிரையில் கோவிலுக்கு வந்து, உன் அம்மனுக்குச் சக்தி இருந்தால் இந்தப் பனிச்சை மரத்தை ஆட்டிக் காட்டச் சொல் என்று பூசாரியிடம் கேட்டானாம். பூசாரி அம்மனை நினைத்து அழுதார். காற்றே இல்லாமல் மரம் ஆடியது. ஆடியதோடு விடவில்லை, காய்கள் கழன்று பறந்து அவன்மேல் விழுந்தன. இதைச் சிந்தாகப் பாடியும் வைத்திருக்கிறார்கள்.

பனிச்சங்காயைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? பசை ஒட்டினால் இரண்டு நாளுக்குப் போகாது. அந்தக் காலத்தில் வலைக்குச் சாயம் போட்டது அந்தப் பாலில்தான். வலை உக்காது. ஆகவே அந்த அதிகாரி எப்படித் திரும்பிப் போயிருப்பான் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும், அந்த இடத்தில் எல்லாரும் சிரிப்பார்கள்.

வெள்ளைக்காரன் என்றதும் வன்னியின் கடைசி அரசன் பண்டாரவன்னியன் நினைவு வருகிறது. 1803 ஆகஸ்ட் 25 முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தவன். அதே வருடம் அக்டோபர் 31 கற்சிலைமடுவில் கப்டன் வொன் டிறிபேர்க்கின் படையிடம் தோற்றான். மாங்குளம் வீதியால் வருகிறவர்கள் ஒட்டுசுட்டானில் இறங்குங்கள். தான்தோன்றீஸ்வரர் அங்கேதான் இருக்கிறார். குரக்கன் அறுத்த ஒட்டை, அதாவது தாளை, சுட்டபோது எரியாமல் வெளிப்பட்ட லிங்கம் என்பார்கள், ஊர்ப் பெயரே அதிலிருந்துதான். அங்கே நெருப்பு சுடவில்லை, இங்கே தண்ணீர் எரிந்தது. இரண்டு கோவிலும் ஒரே வீதியின் சனத்துக்கு.

மே 19, இரவு

கேள்வி கேட்டவர், "பேன் கதை வேண்டாம்" என்று எழுதியிருந்தார். அன்று எனக்குக் கோபம் வரவில்லை. நானும் அந்த இடத்தைத் தாண்டித்தான் கதை சொல்லி வந்தேன். தெய்வத்தின் தலையில் பேன் என்று மகளுக்குச் சொல்ல ஒரு கூச்சம். ஆயிரம் கண்ணுக்கு நேரே தாவிவிடுவேன்.

நேற்றில் இருந்து மனம் வேறு எங்கேயோ நிற்கிறது. 2009 வைகாசியில் நாங்கள் செட்டிகுளம் முகாமில் இருந்தோம். தறப்பாள் கூடாரம், அதற்குள் இரண்டு குடும்பம். தண்ணீருக்கு வரிசை, குளிப்புக்கு வரிசை. எல்லார் தலையிலும் பேன். அம்மம்மா திங்கட்கிழமைகளை விரலில் எண்ணிக்கொண்டிருந்தார். பொங்கல் நாள் என்று அவர் கணக்கிட்ட அன்று பால்மா டின் ஒன்றில் ஒரு சுண்டு அரிசி போட்டுக் காய்ச்சினார். சர்க்கரை இல்லை. பொங்கி வழியட்டும் என்று தண்ணீரைக் கூட விட்டார், வழிந்தது. பிறகு கூடார வாசலில் காலை நீட்டி இருந்துகொண்டு என்னைக் கூப்பிட்டார். "பிள்ளை, தலை கடிக்குது, ஒருக்கா பாரடி."

மயிர் முழுக்க வெள்ளை. ஈரும் வெள்ளை, எது மயிர் எது ஈர் என்று பிரிக்கவே முடியவில்லை. காதுக்குப் பின்னால் பழைய காயம் ஒன்று காய்ந்து கருத்து இருந்தது. எப்போது பட்டது என்று அவர் சொல்லவே இல்லை, நான் அன்றுதான் கண்டேன். வெகுநேரம் பார்த்தேன். அப்படியே இருந்தபடி நித்திரையாகிவிட்டார். பங்குனிக்குப் பிறகு அவர் ஒழுங்காக நித்திரை கொண்டதை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பேன் பார்க்கத் தலையைக் கொடுக்கிறது யாரிடம்? அம்மாவிடம், பிள்ளையிடம், சகோதரியிடம். புருஷனைக் கொன்ற ஊரை எரித்துவிட்டு வந்த ஒருத்தி, முன்பின் தெரியாத பொடியள் முன்னால் குனிந்து தலையைக் கொடுத்தாள். கோபம் ஆறியது அந்த இடத்தில்தான் என்று எனக்குப் படுகிறது. விளக்கை எல்லாரும் கேட்கிறார்கள், கேட்கட்டும். ஆனால் அந்தப் பேனை விட்டுவிட்டுக் கதை சொல்லாதீர்கள். நானும் இனி விட மாட்டேன்.

மே 21

பொங்கல் முடிந்து இப்போதுதான் வீடு வந்தேன். கண் எரிகிறது, பாதி நித்திரை, பாதி புகை.

சனம் சொல்லி முடியாது. யாழ்ப்பாணத்தில் இருந்தும் வவுனியாவில் இருந்தும் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள். தூக்குக்காவடி, பாற்செம்பு, கற்பூரச்சட்டி. மண்ணில் புடவை விரித்துப் படுத்திருந்தவர்களைத் தாண்டி நடக்க இடமில்லை. வளந்து (பொங்கல் பானை) ஏறும்போது நான் தூரத்தில்தான் நின்றேன், ஒரு அண்ணை மகளைத் தோளில் தூக்கி வைத்துக் காட்டினார். நந்திக்கடல் பக்கமிருந்து காற்று. சேறும் உப்பும் கலந்த அந்த வாசம் வந்ததும் சித்தி "அம்மா வந்திட்டா" என்றார். தன் தாயைச் சொன்னாரா, அம்மனைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

ஒரு மனக்குறை. விடிந்து பார்த்தால் கரை முழுக்கப் பிளாஸ்டிக் போத்தல், சோற்றுப் பெட்டி. அவள் வந்து இருந்த கரை என்றுதானே கும்பிடப் போகிறோம். நாங்கள் இரண்டு பை நிறையப் பொறுக்கினோம். அடுத்த வருடம் வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு வெறும் பை கொண்டுவாருங்கள்.

மே 23

கேள்வி கேட்டவர் தாங்களும் வந்து பார்த்ததாக எழுதியிருக்கிறார். சந்தோஷம். விளக்குப் பக்கத்தில் போக முடியவில்லை, சுடர் மட்டும் தெரிந்தது, ஆகவே தன் கேள்வி அப்படியே இருக்கிறது என்கிறார். இருக்கட்டும். அடுத்த வருடம் பொங்கலுக்கு முந்திய கிழமை முள்ளியவளைக்கு வாருங்கள். அந்த ஏழு நாளும் அவ்வளவு நெரிசல் இராது, ஆறுதலாகக் கிட்ட நின்று பார்க்கலாம். விளக்கு அங்கேதான் ஏற்றப்படும் என்று முதல் நாள் எழுதியபோதே இதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

வரும் வழியில் பஸ்ஸில் மகளுக்கு முழுக் கதையும் சொன்னேன், பேனோடு சேர்த்து. கச்சானை உடைத்தபடி கேட்டுக்கொண்டு வந்தாள். விளக்கைப் பற்றியோ ஆயிரம் கண்ணைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை. "ஆச்சி சாப்பிட்ட பிறகு அந்த அண்ணாமாருக்குச் சோறு மிச்சம் இருந்ததா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. முன் சீட்டில் இருந்த சித்தி திரும்பாமலே சொன்னார்: "இருந்திருக்கும். இல்லாட்டி இவ்வளவு காலம் பொங்குவாங்களோ?"